எர்மிடாஜ் குன்று: மண்ணும் கொடியும் ஒயினும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எர்மிடாஜ் எங்கே இருக்கிறது?

பிரான்சின் தென்கிழக்கில், லியோன் நகருக்குத் தெற்கே, ரோன் ஆற்றின் கிழக்குக் கரையில். குன்றின் அடிவாரத்தில் இருக்கும் சிற்றூர் டேன்-லெர்மிடாஜ். எதிர்க்கரையில் டூர்னோன். ஆங்கிலம் வழியாகப் படித்தவர்கள் இதை ஹெர்மிட்டேஜ் என்று அறிந்திருப்பார்கள்.

மொத்தத் திராட்சைப் பரப்பு சுமார் 140 ஹெக்டேர், அதாவது 350 ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. இவ்வளவு சிறிய இடத்தின் பெயர் இரண்டு மூன்று நூற்றாண்டுகளாக ஒயின் உலகில் முதல் வரிசையில் இருந்து வருகிறது. 1937இல் தனி அப்பெலாசியோன் தகுதி கிடைத்தது. எந்த எல்லைக்குள் விளைந்த, எந்த வகைத் திராட்சையில், எப்படிச் செய்த ஒயினுக்கு இந்தப் பெயரை இடலாம் என்று அன்று சட்டப்படி வரையறுத்தார்கள்.

குன்றின் உச்சியில் துறவி வாழ்ந்த கதை உண்மையா?

கஸ்பார் த ஸ்தெரிம்பேர் என்ற படைவீரர் தென் பிரான்சில் நடந்த அல்பிஜென்சியச் சிலுவைப் போரில் காயப்பட்டு, 1224இல் ஊர் திரும்பும் வழியில் இந்தக் குன்றைக் கண்டு, அரசி பிளான்ஷிடம் அனுமதி பெற்று உச்சியில் தங்கிவிட்டார், கொடிகளை வளர்த்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. வரலாறாகப் பார்த்தால் ஆதாரம் மெல்லியது. உச்சியில் ஒரு சிறிய கல் தேவாலயம் இருப்பது மட்டும் கண்கூடு. அது புனித கிறிஸ்டோபர் பெயரில் கட்டப்பட்டது. 1919இல் ஜாபூலே என்ற ஒயின் நிறுவனம் அதை வாங்கியது.

அந்த நிறுவனத்தின் புகழ்பெற்ற ஒயின் 'லா ஷாபெல்'. தேவாலயத்தைச் சுற்றியுள்ள கொடிகளிலிருந்து அது வருவதாகப் பலரும் நினைக்கிறார்கள். பெயர்தான் தேவாலயத்தினுடையது. பழம் குன்றின் பல துண்டுகளிலிருந்து வருகிறது.

எல்லாம் ஒரே குன்றுதானே, மண்ணில் அப்படி என்ன வேறுபாடு?

எர்மிடாஜைப் புரிந்துகொள்ள இந்த ஒரு கேள்வியை விரித்துச் சொன்னாலே பாதி வேலை முடிந்துவிடும்.

ஆற்றுக்கு மேற்கே இருப்பது மாசிஃப் சென்ட்ரால் என்னும் பழம் மலைத்தொகுதி. அதன் பாறை கருங்கல். எர்மிடாஜின் மேற்குப் பகுதியும் அதே கருங்கல்தான். ஒரு காலத்தில் ரோன் ஆறு இந்தக் குன்றுக்குக் கிழக்கே ஓடியது. பிறகு கருங்கல்லையே அறுத்து மேற்கே புது வழி எடுத்தது. அப்போது மேற்கு மலையின் ஒரு துண்டு கிழக்குக் கரையில் தனித்து நின்றுவிட்டது. அதன் கிழக்குப் பக்கத்தில் ஆல்ப்ஸ் மலையிலிருந்து பனியாறும் வெள்ளமும் உருட்டி வந்த கூழாங்கல், மணல், சுண்ணாம்பு, களிமண் எல்லாம் படிந்தன. இரண்டு மலைத்தொடர்களின் மண் ஒரே சரிவில் தோளோடு தோள் நிற்கிறது.

இதனால் குன்று சுமார் இருபது துண்டுகளாகப் பிரிந்து கிடக்கிறது. ஒவ்வொன்றுக்கும் பழைய பெயர் உண்டு. சிலவற்றையாவது தெரிந்துகொள்வது நல்லது.

மேற்கில் பெசார். முழுக்கக் கருங்கல்லும் அது உதிர்ந்த பருமணலும். சரிவு மிகக் கடுமை. இங்கே விளையும் சிரா என்னும் கறுப்புத் திராட்சை இறுக்கமான ஒயினைத் தரும். இளமையில் வாயைக் கட்டிப்போடும் துவர்ப்பு, நிமிர்ந்த உடல், நீண்ட ஆயுள். நல்ல எர்மிடாஜ் சிவப்பு ஒயின்கள் பலவற்றுக்கு முதுகெலும்பு இதுதான்.

அதை அடுத்து மெயால். பழைய ஆற்றுப்படுகையின் உருண்டைக் கற்கள், அடியில் சுண்ணாம்பு. கல் பகலெல்லாம் வெயிலை வாங்கி இரவில் திருப்பித் தரும். பழம் கனிந்து வரும், ஒயின் சதைப்பற்றோடு, வெதுவெதுப்பாக இருக்கும்.

உச்சியில் லெர்மித். கருங்கல்லின் மேல், காற்று கொண்டுவந்து படியவைத்த நுண்மண். தேவாலயம் இருப்பது இங்கேதான். சிவப்பும் வெள்ளையும் இரண்டுமே இங்கு நன்றாக வரும். அடிவாரத்தில் கிரெஃபியூ, வண்டலும் களிமண்ணும் கூடிய செழிப்பான நிலம். ஒயின் மிருதுவாக, சீக்கிரம் பழகக்கூடியதாக இருக்கும். கிழக்கே ரொகூல், மூரே போன்றவற்றில் களிமண்ணும் சுண்ணாம்பும் அதிகம். ஈரம் தங்கும். வெள்ளைத் திராட்சைக்கு இவை பேர்போனவை.

கருங்கல்லிலிருந்து களிமண்ணுக்கு நடந்தே போய்விடலாம். இவ்வளவு குறுகிய தூரத்தில் இத்தனை மாற்றம் பிரான்சிலும் அரிது.

வெயிலும் காற்றும் எப்படி?

ரோன் பொதுவாக வடக்கிலிருந்து தெற்கே ஓடுகிறது. டேன் அருகே அது வளைகிறது. அந்த வளைவினால் குன்றின் முகம் ஏறத்தாழ நேர் தெற்கே திரும்பியிருக்கிறது. காலை முதல் மாலை வரை வெயில் படும். குன்றின் முதுகு வடக்குக் காற்றைத் தடுக்கும்.

ஆனால் மிஸ்ட்ரல் என்னும் அந்த வடக்குக் காற்று முழுவதும் அடங்கிவிடுவதில்லை. மழைக்குப் பின் அது வீசினால் குலைகள் காய்ந்துவிடும், பூஞ்சை பிடிக்காது. பலமாக வீசும் நாளில் இளந்தளிர்களை முறித்தும் விடும். அதனால்தான் இங்கே கொடிகளைத் தனித்தனி மரக்கம்புகளில் கட்டும் வழக்கம் நீடிக்கிறது. கம்பி இழுத்துப் படர்விட இந்தச் சரிவில் பல இடங்களில் வசதியும் இல்லை.

சிரா திராட்சை ஈரானின் ஷிராஸ் நகரிலிருந்து வந்ததா?

இல்லை. சிலுவைப் போர்வீரர் அங்கிருந்து கொண்டுவந்தார் என்ற கதையை 1998இல் மரபணு ஆய்வு முடித்துவைத்தது. கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகமும் பிரான்சின் மொம்பெலியே ஆய்வாளர்களும் சேர்ந்து பார்த்ததில், சிராவின் பெற்றோர் மோந்தேஸ் பிளான்ஷ், துரேசா என்று தெரிந்தது. முன்னது சவோய் பகுதியின் வெள்ளைத் திராட்சை. பின்னது எதிர்க்கரை ஆர்தேஷ் பகுதியின் கறுப்புத் திராட்சை. ஆக, சிரா இந்தச் சுற்றுவட்டாரத்துப் பிள்ளை.

சிராவில் மிளகு வாசம் வருகிறது என்று சொல்வது வெறும் வருணனை இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ரோட்டண்டோன் என்ற பொருள்தான் அந்த வாசத்துக்குக் காரணம் என்று 2008இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். நம் கருமிளகிலும் இருப்பது அதே பொருள்.

இவ்வளவு செங்குத்தான இடத்தில் எப்படி விவசாயம் செய்கிறார்கள்?

பெரும்பாலும் கையால். மேல்பகுதிகளில் டிராக்டர் ஏறாது. சில இடங்களில் மேலே ஒரு சுழல்பொறியை நிறுத்திக் கயிற்றால் கலப்பையை இழுக்கிறார்கள். சிலர் குதிரையைத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள். மற்ற இடங்களில் மண்வெட்டிதான். குளிர்காலத்தில் கவாத்து, வசந்தத்தில் தளிர் கிள்ளுதல், கோடையில் கம்போடு கொடியைச் சேர்த்துக் கட்டுதல், இலையுதிர் காலத்தில் பெட்டிகளைத் தோளில் சுமந்து இறக்கும் அறுவடை என்று ஆண்டு முழுதும் ஏறி இறங்கும் வேலை.

சரிவைத் தாங்குவது அடுக்கடுக்கான கற்சுவர்கள். சாந்து இல்லாமல் கல்லோடு கல் பொருத்திக் கட்டியவை. சாந்து பூசினால் மழைநீர் உள்ளே தேங்கி மொத்தச் சுவரையும் தள்ளிவிடும். இடைவெளி இருந்தால் தண்ணீர் கசிந்து வெளியேறும், மண் மட்டும் நிற்கும். அப்படியும் பெருமழையில் சுவர் சரியும், கருங்கல் மணல் வழிந்து அடிவாரத்துக்கு வந்துவிடும். வழிந்த மண்ணைச் சுமந்து மறுபடி மேலே கொண்டுபோய்க் கொட்டுவது இந்தக் குன்றில் பழைய வழக்கம்.

ஒயினில் தெரியும் விளைநிலத்தின் தன்மையைக் குறிக்கும் டெர்வார் என்ற பிரெஞ்சுச் சொல்லைக் கேட்டதும் பலர் மண்ணையும் வானிலையையும் மட்டும் நினைக்கிறார்கள். எர்மிடாஜைப் பார்த்தால் அந்த நினைப்பு மாறும். இந்தச் சரிவை மனிதர்கள் விட்டுவிட்டால் சில பத்தாண்டுகளில் பெசாரின் மேல்மண் ஆற்றில் போய்ச் சேர்ந்துவிடும். சுவர் கட்டுகிறவரும் அந்த ஒயினில் இருக்கிறார் என்றே நான் நம்புகிறேன்.

சிவப்பு ஒயின் செய்முறை என்ன?

அறுவடை வழக்கமாக செப்டம்பரில். கையால் பறித்த குலைகள் கிடங்குக்கு வந்ததும் முதல் முடிவு: காம்பை நீக்குவதா, வைத்துக்கொள்வதா? காம்பு பச்சையாக இருந்தால் ஒயினில் கசப்பு ஏறும். நன்கு முதிர்ந்து பழுப்பேறியிருந்தால் ஒரு புத்துணர்வும் நறுமணமும் தரும். பெசார் போன்ற துவர்ப்பு மிகுந்த இடத்துப் பழத்துக்கு ஒருவர் காம்பை முழுவதும் நீக்குவார், பக்கத்து நிலத்துக்காரர் ஒரு பங்கை வைத்துக்கொள்வார். சூத்திரம் எதுவும் இல்லை, ஆண்டைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள்.

பிறகு மரம் அல்லது சிமெண்ட் தொட்டிகளில் நொதித்தல். பழத்தோலிலும் கிடங்கிலும் இயல்பாக இருக்கும் ஈஸ்ட்டே பலருக்குப் போதும். நொதி எழும்போது வெளிவரும் வாயு தோல்களை மேலே தள்ளி, தடித்த மூடிபோல் மிதக்கவிடும். நிறமும் துவர்ப்பும் தோலில்தான் இருக்கின்றன. ஆகவே அந்த மூடியைக் காலாலோ கம்பாலோ நாளும் அமுக்கி நனைக்கிறார்கள், அல்லது அடியிலிருந்து சாற்றை எடுத்து மேலே ஊற்றுகிறார்கள். தோலோடு இப்படி ஊறுவது இரண்டு மூன்று வாரம்.

பிழிந்தபின் பீப்பாய். கூர்மையான மாலிக் அமிலம் மென்மையான லாக்டிக் அமிலமாக மாறும் இரண்டாம் நொதித்தல் அங்கே நடக்கும். அதன்பின் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு ஓய்வு. 1980, 90களில் புதுப் பீப்பாய் மோகம் இங்கும் வீசியது. புது ஓக் மரம் வனிலா, புகை வாசனைகளைத் தூக்கலாகத் தரும். நல்ல கருங்கல் நிலத்துச் சிராவை அந்த வாசனையால் மூடுவது எனக்கு ஒப்பவில்லை. ஏற்கெனவே பயன்படுத்திய பீப்பாய்களுக்குப் பலர் திரும்பியிருப்பதை வரவேற்கிறேன்.

சிவப்பு ஒயினில் வெள்ளைத் திராட்சை கலக்கலாமா?

விதி அனுமதிக்கிறது. மார்சான், ரூசான் வெள்ளைத் திராட்சைகளை 15 விழுக்காடு வரை சிராவோடு சேர்த்து நொதிக்க வைக்கலாம். இன்று மிகச் சிலரே செய்கிறார்கள்.

ஒவ்வொரு துண்டையும் தனியாகப் போத்தலில் அடைப்பது சிறந்ததா, கலப்பது சிறந்ததா?

எர்மிடாஜில் ஒரு தலைமுறையாக நடக்கும் பெரிய விவாதம் இது.

தனித்துண்டு முறையின் முகம் மிஷேல் ஷாபூத்தியே. 1808இல் தொடங்கிய அவருடைய குடும்ப நிறுவனம் குன்றின் பெரிய உடைமையாளர்களில் ஒன்று. 1990களின் தொடக்கத்தில், இரசாயனங்களைத் தவிர்க்கும் உயிராற்றல் (பயோடைனமிக்) வேளாண்மைக்கு மாறியது. பெசாரின் பழத்தில் 'லெ பாவியோன்', அதோடு 'லெர்மித்', 'லெ மெயால்', 'லெ கிரெஃபியூ' என்று துண்டுக்கு ஒரு ஒயின் செய்கிறார்கள். ஒவ்வொரு மண்ணுக்கும் ஒரு குரல் இருக்கிறது, அதைக் கலக்காமல் கேட்க வேண்டும் என்பது இந்தத் தரப்பின் வாதம்.

எதிர்த் தரப்பில் ஷாவ் குடும்பம். 1481 முதல் தந்தை மகன் வழியாகத் திராட்சை வளர்த்து வருகிறார்கள். டேனுக்கு எதிர்க்கரையில் மோவ் என்ற ஊரில் கிடங்கு. குன்றின் பல துண்டுகளில் நிலம் உண்டு. ஒவ்வொன்றையும் தனியாக நொதிக்கவைத்து, தனியாக வளர்த்து, கடைசியில் சுவைத்துச் சுவைத்துக் கலக்கிறார்கள். பெசார் எலும்பைத் தரும், மெயால் சதையைத் தரும், மற்றவை மணத்தையும் நீளத்தையும் தரும். கலவையின் விகிதம் ஆண்டுக்கு ஆண்டு மாறும். கடும் வெயில் ஆண்டில் மெயால் கொழுத்துவிட்டால் அதன் பங்கு குறையும்.

நான் கலவையின் பக்கம். காரணம் சுவை மட்டுமில்லை. இந்தக் குன்றின் சிறப்பே இரண்டு மலைகளின் மண் ஒரே இடத்தில் சேர்ந்ததுதான். பெசாரை மட்டும் போத்தலில் அடைத்தால் அது அருமையான கருங்கல் சிரா. ரோன் கரையில் கருங்கல் சிரா வேறு ஊர்களிலும் உண்டு, கோர்னாசில் உண்டு, சான்-ஜோசெஃபில் உண்டு. கருங்கல்லும் கூழாங்கல்லும் சுண்ணாம்பும் ஒரே கோப்பையில் சேர்வது இங்கேதான் இயலும். 1961ஆம் ஆண்டின் லா ஷாபெல் அறுபது ஆண்டு கடந்தும் ஒயின் பிரியர்களின் பேச்சில் இருக்கிறதே, அதுவும் கலவைதான்.

தனித்துண்டு ஒயின்கள் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். மண்ணைப் பாடமாகக் கற்க அவற்றைவிட நல்ல வழி கிடையாது. முதலில் அவற்றை அருகருகே வைத்துச் சுவைத்துவிட்டுக் கலவைக்கு வந்தால், கலந்தவரின் திறமை பிடிபடும்.

வெள்ளை எர்மிடாஜ் ஏன் சில ஆண்டுகள் சுவையற்றுப் போகிறது?

பெரும்பாலும் மார்சான், கூடவே ரூசான். மார்சானில் புளிப்பு குறைவு, உடல் கனம். முதல் மூன்று நான்கு ஆண்டில் வெள்ளைப் பூ, பேரிக்காய், தேன் வாசத்தோடு நன்றாக இருக்கும். பிறகு வாய் மூடிக்கொள்ளும். நிறம் கறுத்து, மணம் அடங்கி, கெட்டுப்போனதோ என்ற ஐயம் வரும். பத்து ஆண்டு தாண்டினால் பாதாம், மெழுகு, உலர்பழம் என்று வேறொரு ஒயினாகத் திரும்பி வரும். இடைக்காலத்தில் திறந்து ஏமாந்தவர்கள் வெள்ளை எர்மிடாஜையே ஒதுக்கிவிடுகிறார்கள். அது பெரிய இழப்பு. இருபது முப்பது ஆண்டு வாழும் வெள்ளை ஒயின்கள் உலகில் அதிகம் இல்லை.

தாமஸ் ஜெஃபர்சன் 1787இல் டேனுக்கு வந்து இந்தக் குன்றைப் பார்த்தார். பின்னாளில் அமெரிக்க அதிபரானபோது வெள்ளை எர்மிடாஜைத் தருவித்துக் குடித்தார். அவருடைய காலத்தில் இதன் புகழ் சிவப்புக்குச் சற்றும் குறைந்ததில்லை.

பொர்தோ ஒயினில் எர்மிடாஜைக் கலந்தார்கள் என்பது உண்மையா?

உண்மை. 18, 19ஆம் நூற்றாண்டுகளில், பிரான்சின் தென்மேற்கிலுள்ள பொர்தோ ஒயின் பகுதியின் வணிகர்கள் மெலிந்த ஆண்டுகளின் ஒயினுக்கு நிறமும் வலுவும் ஏற்ற எர்மிடாஜ் சிவப்பை ஊற்றினார்கள். யாரும் மறைக்கவில்லை. 'எர்மிடாஜே' என்று அதற்கு ஒரு பெயரே இருந்தது, விலையும் கூடுதலாகக் கிடைத்தது. அந்த வணிகத்தால் குன்றுக்குப் பணம் வந்தது, ஆனால் நல்ல சரக்கில் ஒரு பங்கு பிறர் பெயரில் போத்தலேறியது. இன்றைய சட்டப்படி அப்படிக் கலந்து பொர்தோ என்று விற்க முடியாது.

அந்தப் புகழ் நடுவில் ஏன் மங்கியது?

வேரை உறிஞ்சும் ஃபிலாக்சரா பூச்சி. 1860களில் தென் பிரான்சில் தொடங்கி ரோன் பள்ளத்தாக்கின் வழியே ஏறி வந்து கொடிகளை வேரோடு அழித்தது. அமெரிக்கத் திராட்சையின் வேர் அந்தப் பூச்சியைத் தாங்கும். ஆகவே அந்த வேர்ச்செடியில் உள்ளூர்க் கொடியை ஒட்டுக்கட்டி மறுபடி நட்டார்கள். இன்று குன்றிலுள்ள சிராவும் அமெரிக்க வேரில்தான் நிற்கிறது. பின்னர் முதல் உலகப்போர் வேலையாட்களைக் கொண்டுபோனது, 1930களின் பொருளாதார வீழ்ச்சி விலையைக் கெடுத்தது. உலகின் பார்வை வடக்கு ரோன் பக்கம் முழுவதும் திரும்ப 1970, 80கள் வரை ஆயிற்று.

அந்தக் கெட்ட காலத்தில் நடந்த ஒரு நல்ல காரியம், 1933இல் லூயி கம்பேர் த லோஷ் தொடங்கிய டேன் கூட்டுறவுக் கிடங்கு. சிறு விவசாயிகளின் பழத்துக்கு அது ஒரு வீடு கொடுத்தது. இன்றும் குன்றின் முக்கிய உடைமையாளர்களில் ஒன்று.

க்ரோஸ்-எர்மிடாஜும் இதுவும் ஒன்றா?

இல்லை. க்ரோஸ் என்பது குன்றைச் சுற்றியுள்ள பதினொரு ஊர்களின் நிலம். பரப்பு பத்து மடங்குக்கும் மேல். பெரும்பகுதி சமவெளி, டிராக்டர் ஓடும். அதே சிராதான், விலை குறைவு, சீக்கிரம் குடிக்கலாம். தொடங்குவதற்கு நல்ல இடம்.

வைக்கோல் ஒயின் என்கிறார்களே?

வெள்ளைக் குலைகளை வைக்கோல் மேலோ சல்லடைத் தட்டிலோ பரப்பி வாரக்கணக்கில் உலரவிட்டு, சர்க்கரை செறிந்தபின் பிழிந்து செய்யும் இனிப்பு ஒயின். அற்றுப்போயிருந்த வழக்கத்தை 1970களில் ஜெரார் ஷாவ் மீட்டெடுத்தார். மிகக் குறைந்த அளவே வரும்.

ஷாபூத்தியே போத்தல்களில் புள்ளிகள் ஏன்?

பார்வையற்றோர் தடவிப் படிக்கும் பிரெய்ல் எழுத்து. 1996 முதல் அச்சிடுகிறார்கள். அந்த நிறுவனத்தின் எர்மிடாஜ் நிலத்தில் ஒரு பங்கு முன்பு சிசெரான் குடும்பத்துக்குச் சொந்தம். அந்தக் குடும்பத்தின் மோரிஸ் த லா சிசெரான் பார்வையிழந்தவர், பிரெஞ்சுப் பிரெய்லின் சுருக்கெழுத்து முறையை உருவாக்கியவர். அவர் நினைவாகத் தொடங்கி எல்லாச் சீட்டுகளுக்கும் பரவியது. பார்வையற்றவர் தன் கிடங்கில் தானே போத்தலைத் தேர்ந்தெடுக்க முடிகிறது. மற்ற நிறுவனங்களும் இதைப் பின்பற்ற வேண்டும்.

ஆஸ்திரேலிய ஒயின்களிலும் இந்தப் பெயரைப் பார்த்திருக்கிறேனே?

பழைய போத்தலாக இருக்கும். சிராவுக்கு அங்கே ஷிராஸ் என்றும் எர்மிடாஜ் என்றும் பெயர் வழங்கியது. பென்ஃபோல்ட்ஸ் நிறுவனத்தின் புகழ்பெற்ற 'கிரேஞ்ச்' ஒயின் கூட 1989 அறுவடை வரை 'கிரேஞ்ச் ஹெர்மிட்டேஜ்'தான். ஐரோப்பிய இடப்பெயர்களைக் காக்கும் உடன்பாடுகளின் பின் கைவிட்டார்கள்.

வெப்பமயமாதல் இந்தக் குன்றை என்ன செய்கிறது?

அறுவடை முந்துகிறது. ஒரு தலைமுறைக்கு முன் 12.5, 13 விழுக்காடு ஆல்கஹால் வழக்கம். இன்று 14 சாதாரணம். தெற்கு முகம் முன்பு வரமாக இருந்தது, 2003 போன்ற கொடும் கோடையில் அதுவே பழத்தைச் சுட்டுவிடுகிறது. மெயாலின் சூடான கற்கள் முன்பு கனிவைத் தந்தன, இப்போது அதிகமாகவே தருகின்றன. ஈரம் தங்கும் களிமண் துண்டுகளுக்கும், உயரத்தில் இருக்கும் லெர்மித்துக்கும் மதிப்புக் கூடுகிறது. பல மண் கையில் இருப்பவருக்கு விகிதத்தை மாற்றிச் சமாளிக்க வழி உண்டு. ஒற்றைத் துண்டை மட்டும் நம்பியிருப்பவருக்கு அந்த வசதி இல்லை. கலவையின் பக்கம் நான் நிற்பதற்கு இது இன்னொரு காரணம்.

சிவப்பு எர்மிடாஜை எப்போது திறக்கலாம், எதோடு குடிக்கலாம்?

நல்ல ஆண்டு என்றால் பத்து ஆண்டாவது காத்திருங்கள். இருபதில் பதனிட்ட தோல், புகை, காட்டுப்பழ வாசம் வந்து துவர்ப்பு பட்டுப்போலாகும். பொறுமை இல்லாவிட்டால் சில மணி நேரம் முன்பே திறந்து அகன்ற குடுவையில் ஊற்றி வையுங்கள். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்து ஊற்றாதீர்கள், 16 முதல் 18 டிகிரி சரியாக இருக்கும். ஆட்டுக்கறியும் வேட்டைக்கறியும் அங்கே வழக்கமான துணை. மிளகு தூக்கலாகப் போட்ட ஆட்டுக்கறி வறுவலோடும் நன்றாகச் சேரும். மிளகாய்க் காரம் கூடினால் துவர்ப்பு உறைக்கும், ஒயின் தோற்றுவிடும்.

நேரில் போய்ப் பார்க்க முடியுமா?

முடியும். டேன் நிலையத்தில் இறங்கினால் குன்று கண்முன்னே நிற்கும். இருப்புப்பாதையே அதன் காலடியில்தான் போகிறது. கொடிகளுக்கு நடுவே பாதை வழியாக உச்சித் தேவாலயம் வரை நடக்கலாம். கீழே ரோன் வளைவதையும், மார்க் செகேன் பெயர் தாங்கிய நடைபாலத்தையும், எதிர்க்கரைக் கருங்கல் மலையையும் ஒருசேரப் பார்த்தால், ஆறு குன்றை அறுத்த கதை சொல்லாமலே விளங்கும். சுவர்களைப் பார்க்க விரும்பினால் இலை உதிர்ந்த குளிர்காலத்தில் போங்கள். சுவர்மேல் ஏறாதீர்கள், கல்லைப் பிடுங்காதீர்கள். குடிக்காதவர்கள் உடன் வந்தால் அவர்களுக்கு வல்ரோனா சாக்லேட் நிறுவனம் அதே ஊரில்தான் இருக்கிறது.